உடலைப் பேணுவதிலும் பொறுமை

  

பொறுமை என்றதும் நோய், வறுமை, இழப்பு போன்ற சோதனைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மார்க்க அறிஞர்கள் ஸப்ர் எனும் பொறுமையை மூன்று வகையாகப் பிரித்து விளக்கியுள்ளனர். நல்லவற்றில் நிலைத்திருப்பது முதலாவது. தடுக்கப்பட்டவற்றை விட்டு விலகியிருப்பது இரண்டாவது. நம் கையில் இல்லாதவற்றைப் பொருந்திக்கொள்வது மூன்றாவது. உடலை வலுப்படுத்த முயலும் வாலிபருக்கு இம்மூன்றுமே தேவைப்படுகின்றன.

இன்று நமது ஊர்களில் உடற்பயிற்சி நிலையங்கள் பெருகியுள்ளன. பரீட்சை முடிந்த விடுமுறையில் பிள்ளைகள் ஆர்வத்துடன் அவற்றில் சேர்கின்றனர். முதல் வாரம் ஒரு நாளும் தவறுவதில்லை. மூன்றாவது வாரத்தில் கண்ணாடியின் முன் நின்று பார்க்கின்றனர். மாற்றம் எதுவும் தெரிவதில்லை. இரண்டு மாதங்கள் ஆவதற்குள் சிலர் பயிற்சியைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் மாத்திரையையும் ஊசியையும் நாடுகின்றனர். உடல் எவ்வாறு வலிமை பெறுகின்றது என்பதை அறியாமையே இவ்விரண்டுக்கும் காரணமாகும்.

நிலைத்திருக்கும் பொறுமை

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் நாம் தூக்கும் பாரம் அதிகரிக்கின்றது. ஆனால் கையின் பருமன் அவ்வளவாக மாறுவதில்லை. ஏனெனில் முதலில் பழகுவது நரம்புத் தொகுதியாகும். ஏற்கனவே உள்ள தசைநார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் இயங்கச் செய்வதற்கு மூளையும் நரம்புகளும் கற்றுக்கொள்கின்றன. தசைநார்கள் தடிப்பது அதன் பின்னரே கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றது. அதற்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள், சிலருக்கு அதனிலும் கூடுதலான காலம் செல்லும். எனவே மாற்றம் இல்லையென்று மனம் சோரும் அந்த நாட்களில்தான் உள்ளே அத்திவாரம் இடப்படுகின்றது.

புதிதாகப் பயிற்சி செய்யும் ஆண் ஒருவருக்கு, உணவும் உறக்கமும் சீராக இருந்தாலும், மாதத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையான தசை சேர்ந்தாலே அது நல்ல முன்னேற்றமாகும். காலம் செல்லச் செல்ல இந்த வேகமும் குறையும். அந்த அரைக் கிலோ உடல் முழுவதிலும் பரவியே சேர்கின்றது. அதை ஒரு மாதத்தில் கண்ணாடி காட்ட வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், காயமடைந்து கால் தசைகள் மெலிந்த போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்தார். மெல்லிய பாரத்தைப் பல தடவைகள் அசைப்பதே அக்காலத்தின் வழக்கமாக இருந்தது. அவரோ பாரத்தை அளந்து கொடுத்து, வலிமை கூடும்போது பாரத்தையும் படிப்படியாகக் கூட்டினார். தம் முறையை 1945 ஆம் ஆண்டு வெளியிட்டார். 1948 ஆம் ஆண்டு வொட்கின்ஸ் என்ற வைத்தியருடன் சேர்ந்து அதை எளிமையாக்கினார். ஒருவரால் பத்துத் தடவைகள் மட்டுமே தூக்கக்கூடிய பாரம் எதுவெனக் கண்டறிந்து, முதலில் அதன் அரைப்பங்கு, அடுத்து முக்கால் பங்கு, இறுதியில் முழுப் பாரம் எனப் பத்துப் பத்துத் தடவைகள் தூக்கச் செய்வதே அம்முறையாகும். இன்றைய பயிற்சிகளின் அடிப்படையும் இதுவே: அளந்து, சிறிது சிறிதாகக் கூட்டுதல்.

ஆகவே ஒரு சிறிய கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். திகதி, பயிற்சி, பாரம், தடவை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். பத்துக் கிலோவைச் சரியான முறையில் பன்னிரண்டு தடவைகள் தூக்க முடிந்தால் மாத்திரம் ஒரு கிலோவைக் கூட்டுங்கள். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் போதுமானவை. இடையிலுள்ள ஓய்வு நாட்களில்தான் தசை தன்னைச் சீர்செய்துகொள்கின்றது. மூன்று மாதங்களின் பின் அக்கொப்பியைப் புரட்டினால், கண்ணாடி மறைத்த முன்னேற்றத்தை அது எடுத்துச் சொல்லும்.

விலகியிருக்கும் பொறுமை

அவசரம் மனிதனின் இயல்பில் ஊறிய குணமாகும். அந்தக் குணத்தை நம்பியே சிலர் வியாபாரம் செய்கின்றனர். வைத்திய ஆலோசனையின்றித் தசை வளர்ச்சிக்காகப் பாவிக்கப்படும் ஸ்டெரொயிட் வகைகள் ஆண்மைக்குரிய ஹோர்மோனைப் போலச் செயற்படுகின்றன. வெளியிலிருந்து அது வந்து சேர்ந்ததும் உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துவிடுகின்றது. விந்தணுக்கள் குறைகின்றன, பிள்ளைப் பேறு பாதிக்கப்படலாம். இதயமும் ஈரலும் சேதமடையலாம். வளரும் வயதில் எலும்பின் வளர்ச்சிப் பகுதி நேரகாலத்துடன் மூடி, உயரம் நின்றுபோகவும் கூடும். உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதமாகும். சில மாதத் தோற்றத்திற்காக அதைப் பாழாக்க நமக்கு உரிமையில்லை.

புரதத் தூள் இதைப் போன்ற நஞ்சு அல்ல. ஆனாலும் பெரும்பாலானோருக்கு அது அவசியமும் அல்ல. பாரம் தூக்கிப் பயிற்சி செய்யும் ஒருவருக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.6 கிராம் வரையான புரதம் போதுமானது. 60 கிலோ நிறையுடையவருக்கு அது 72 முதல் 96 கிராம் வரையாகும். இரண்டு முட்டைகளில் 12 கிராம் உண்டு. சமைத்த, எலும்பற்ற கோழி இறைச்சி 100 கிராமில் 25 கிராமும், மீன் 100 கிராமில் 20 கிராமும், சமைத்த பருப்பு 200 கிராமில் 18 கிராமும் ஏறத்தாழ உண்டு. கூட்டிப் பாருங்கள், 75 கிராம் நம் வீட்டுச் சமையலறையிலேயே கிடைத்துவிடுகின்றது.

நிறையைக் குறைக்க விரும்புவோரும் அவசரப்படலாகாது. வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பாதுகாப்பானது. பட்டினி கிடப்போர் கொழுப்புடன் தசையையும் இழக்கின்றனர். உடலிலுள்ள நீரின் அளவு மாறுவதால், ஒரே நாளிலும் நிறை ஓரிரு கிலோ கூடிக் குறையும். எனவே தராசில் தினமும் ஏறி மனம் வருந்தாமல், வாரத்தில் ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு தேக்கரண்டி சீனியுடன் நாளுக்கு ஐந்து கோப்பை தேநீர் அருந்துபவர் 40 கிராமுக்குக் குறையாத சீனியை உட்கொள்கிறார். அதை 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையாகும். கோப்பைக்கு ஒரு கரண்டியைக் குறைத்தாலே அந்த எல்லைக்குள் வந்துவிடலாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உணவுக்கு ஒதுக்கும் நபிவழியை இங்கு நினைவுகூர்வோம்.

பொருந்திக்கொள்ளும் பொறுமை

ஒரே நாளில் பயிற்சியைத் தொடங்கிய இரு நண்பர்களில் ஒருவர் விரைவாக முன்னேறுவார்; மற்றவர் தாமதிப்பார். எலும்பின் அகலம், தசை அமைந்துள்ள விதம், பரம்பரை ஆகியன ஒவ்வொருவருக்கும் வேறுபடுகின்றன. அடுத்தவரின் தோள்களோடு நமது தோள்களை ஒப்பிடுவது பொறாமையை வளர்க்குமே தவிரத் தசையை வளர்க்காது. உங்கள் போட்டி உங்கள் கொப்பியின் சென்ற மாதப் பக்கத்துடன் மட்டுமே இருக்கட்டும்.

பரீட்சை, காய்ச்சல் என இடைவெளிகள் வரவே செய்யும். ரமழானில் பயிற்சி குறைவதையிட்டும் கவலைப்படத் தேவையில்லை. பெற்ற வலிமையைத் தக்கவைப்பதற்கு, அதே பாரத்துடன் வாரத்தில் ஓரிரு தடவைகள் சுருக்கமாகச் செய்யும் பயிற்சியே போதுமானது. இப்தாருக்குப் பின்னுள்ள நேரம் அதற்குப் பொருத்தமானது. முழுமையாக விட்டவருக்கும், மீண்டும் தொடங்கும்போது இழந்த வலிமை முன்னரை விட விரைவாகத் திரும்புகின்றது.

பெற்றோர்களே!

பாரம் தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடுவான் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. தகுந்த மேற்பார்வையும் சரியான முறையும் இருந்தால் அது வளரும் பிள்ளைகளுக்கு நன்மையே தரும். 5 முதல் 17 வயது வரையானோர் வாரத்தில் மூன்று நாட்களேனும் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்களில் ஈடுபட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. இது பெண் பிள்ளைகளுக்கும் உரியது. உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், நீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குதல் ஆகியவற்றை வீட்டின் அறையிலேயே செய்யலாம்.

பிள்ளையின் மெலிவையோ பருமனையோ கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலியே பல பிள்ளைகளைக் குறுக்கு வழிக்குத் தள்ளிவிடுகின்றது. அவனது பையில் பெயர் தெரியாத மாத்திரை இருந்தால் கோபத்துடன் அல்லாமல் அன்புடன் விசாரித்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நேரத்திற்கு உறங்கச் செய்யுங்கள். பதின்ம வயதினருக்கு எட்டு மணித்தியால உறக்கமேனும் தேவை.

சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்விடம் மிகவும் விருப்பத்திற்குரியது என நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். தொழுகையிலும் ஓதலிலும் நாம் பேணும் அந்த ஒழுங்கை உடலைப் பேணுவதிலும் கடைப்பிடிப்போமாக. பெறும் வலிமையைப் பெருமைக்காகவன்றி, பெற்றோரின் சுமையைத் தாங்கவும் பலவீனருக்கு உதவவும் பயன்படுத்துவோமாக. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அழகிய பொறுமையையும் ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.