பக்கவாத்தியக்காரர் ஐவர்

கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது பாடகரின் பெயரே நம் வாயில் இருக்கும். பிடில் வாசித்தவர் யார், மிருதங்கம் யார் என்று வினவினால் சற்றுத் தயங்குவோம். இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ‘ராக் அண்டு ரோல்’ இசையை உலகறியச் செய்த பில் ஹேலி குழுவினரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஹேலி தொடக்கத்தில் ராக் பாடகர் அல்லர். பென்சில்வேனியா மாநிலத்துச் செஸ்டர் நகரில் வானொலி நிலையமொன்றில் பணியாற்றிக்கொண்டே, மாடு மேய்ப்போரின் பாடல்களைப் பாடி வந்தவர். அவை ‘கன்ட்ரி’ என்னும் நாட்டுப்புற இசையைச் சேர்ந்தவை. அவ்விசையே கடல் கடந்தோர் கொண்டுவந்த செல்வந்தான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியோருடன் பிடில் வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரிடமிருந்து பாஞ்சோ வந்தது. ஊர்விட்டு ஊர் வந்து, பண்டிகை நாளில் பழைய மெட்டொன்றை முணுமுணுக்கும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழைய கன்ட்ரிக் குழுக்கள் பலவற்றில் முரசு கிடையாது. ஹேலியின் முதற்குழுவிலும் இல்லை. தாளத்தின் பொறுப்பு ஆளுயரப் பெரும் பிடிலாகிய ‘பாஸ்’ வாத்தியத்தைச் சார்ந்தது. நரம்பை இழுத்து விட்டால் அது பலகையில் மோதிச் ‘சட்’டென்று ஒலிக்கும், இடையிடையே உள்ளங்கையாலும் அடிப்பர். சுருதியும் தாளமும் ஒரே கருவியில் பிறக்கும். உடன் ஒலிக்கும் ‘ஸ்டீல் கிதார்’ நம் கோட்டுவாத்தியத்துக்கு உறவு எனலாம். நரம்பின்மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது. இந்த அமைப்புடன் கறுப்பரின் ‘ரிதம் அண்டு புளூஸ்’ இசையை 1951இல் ஹேலி இணைத்தார். கறுப்பரான ஜாக்கி பிரென்ஸ்டன் பாடிய ‘ராக்கெட் 88’ என்னும் பாட்டைத் தம் குழுவினருடன் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். கடனாகப் பெற்ற சரக்கு என்பதை மறத்தல் நேர்மையன்று.

1954 ஏப்ரல் 12ஆம் நாள் நியூயார்க்கில் ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ பதிவாயிற்று. அதில் மின்னல்போலப் பாயும் கிதார்த் தனி வாசிப்பு டானி செட்ரோனுடையது. அவர் குழுவில் நிலையான உறுப்பினர் அல்லர். அன்றைய வேலைக்குப் பெற்ற கூலி 21 டாலர். இரண்டு மாதங்கள் கழித்து மாடிப்படியில் தவறி விழுந்து மாண்டார். அடுத்த ஆண்டு அப்பாட்டு எட்டு வாரம் நாட்டில் முதலிடத்தில் நின்றதை அவர் அறியார்.

புகழ் வந்தது, ஊதியம் உயரவில்லை. பாஸ் வாசித்த மார்ஷல் லைட்டில், சாக்ஸபோன் ஜோயி ஆம்ப்ரோஸ், முரசு டிக் ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவரும் வாரச் சம்பளக்காரர்கள். கூடுதல் கேட்டனர், மறுக்கப்படவே 1955இல் விலகித் தனிக்குழு அமைத்தனர். அக்குழு நெடுநாள் நிலைக்கவில்லை.

ஹேலி 1981இல் காலமானார். 1987இல் பிலடெல்பியாவில் ஒரு விழாவுக்காக அம்மூவரும், பியானோ ஜானி கிராண்டேயும், செட்ரோனுக்குப் பின் கிதார் ஏந்திய பிரானி பீச்சரும் மீண்டும் கூடினர். ஒருநாள் வாசிப்பதற்கென்று வந்தவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆண்டுக்கணக்கில் வாசித்தார்கள். 2005இல் ஐவருள் இளையவருக்கே வயது எழுபத்தொன்று! ஆயினும் பாட்டின் வேகத்தை அவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கிட்டாத பங்கை இப்போது கைத்தட்டலாகப் பெற்றார்கள் என்று சிலர் கூறலாம். கைத்தட்டல் சம்பளமாகாது என்பதே நம் கருத்து.

ராக் அண்டு ரோல் புகழ்மன்றத்தில் ஹேலி 1987இலேயே சேர்க்கப்பட்டார். பக்கவாத்தியக்காரர்களுக்கு அவ்விடம் 2012இல்தான் கிடைத்தது. அப்பட்டியலில் 21 டாலர் பெற்ற செட்ரோனின் பெயரும் இடம்பெற்றது. ஐவருள் இறுதியாக எஞ்சியிருந்த ஆம்ப்ரோஸ் 2021இல் மறைந்தார்.