பாக்கி, ரெஜா, எச்சம்: கணக்கில் அடங்காதவர்கள் எங்கே போனார்கள்?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கிவிட்டு ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினால், கடைக்காரர் “இந்தாங்க பாக்கி” என்று மீதிக் காசைத் தருவார். அதே கடையில் கடன் சொல்லிவிட்டுப் போனால் மாதக் கடைசியில் “பாக்கி இருக்கே” என்பார். முதல் பாக்கி நமக்கு வர வேண்டியது, இரண்டாவது நாம் கொடுக்க வேண்டியது. மலாய்க்காரர் கடையிலும் ‘பாக்கி’ தான். அரபு மொழியிலிருந்து இரண்டு மொழிகளுக்கும் வந்து சேர்ந்த சொல் அது.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு புள்ளியியல் படிக்கும் என் சித்தி மகள் அண்மையில் ஒரு சந்தேகம் கேட்டாள். “அண்ணா, ரெஜான்னா தமிழ்ல என்ன?” ஆங்கிலத்தில் ‘ரெசிடுவல்’ என்பதைத்தான் மலாய்ப் பாடநூல்கள் ‘ரெஜா’ என்கின்றன. நான் தமிழ் படித்தவன். யோசிக்காமல் ‘எச்சம்’ என்றேன். “குருவி போடுமே, அதுவா?” என்று சிரித்தாள்.

அதுவும் எச்சம்தான். எஞ்சுவதெல்லாம் எச்சம். ஆனால் தமிழில் இந்தச் சொல்லுக்கு அதைவிட மரியாதையான இடங்களும் உண்டு. ‘வந்த’ என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். வந்த பையனா, வந்த பேருந்தா என்று கேட்பவர் காத்திருப்பார். அது பெயரெச்சம். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயர். முந்திய இயல்களில் சொல்லாமல் விட்டவை அங்கே தொகுக்கப்பட்டன என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம். திருக்குறளில் 114ஆம் குறளில் வரும் எச்சத்துக்குப் பரிமேலழகர் ‘மக்கள்’ என்று பொருள் கொண்டார், மு.வரதராசனார் ஒருவருக்குப் பின் எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்றார். அந்தக் குறள் இருப்பது நடுவுநிலைமை அதிகாரத்தில். தராசின் அதிகாரம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியலில் எச்சம் என்பது என்ன? தோட்டத்து உதாரணமே போதும். மரத்தின் வயது, மரங்களின் எண்ணிக்கை, மழை எல்லாம் பார்த்து, ஒரு நிரையில் இன்று 20 கிலோ பால் வரும் என்று கிராணி கணக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தராசில் நிறுத்தால் 17. உண்மையில் வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் 3 கிலோ குறைவு. மறுநாள் 22 கிலோ. 2 கிலோ கூடுதல். இந்தக் குறைவும் கூடுதலும்தான் எச்சம்.

ஒரு வருடத்துக் கணக்கை இப்படி எழுதி வைத்தால், அந்தப் புள்ளிகளுக்கு நடுவே மிகப் பொருத்தமான ஒரு கோட்டை இழுக்கலாம். அதற்கான வழியை 1805இல் பிரெஞ்சு கணிதர் லெஜாண்டர் வெளியிட்டார். எச்சங்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும்படி கோடு போடும் முறை அது. அப்படிப் போட்ட சாதாரண நேர்கோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கூடுதல்களையும் குறைவுகளையும் சேர்த்தால் சரியாகப் பூஜ்யம் வரும். தராசு முள் நடுவில் நிற்கும். அதனால் மொத்தம் பூஜ்யம் என்பது எதையும் சொல்லாது. ஒவ்வொரு எச்சமும் எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை. ஆற்றோரத்து நிரைகளில் மட்டும் எப்போதும் குறைவு என்றால் மரத்துக்கு நோய் இருக்கலாம். ஒரே ஆள் நிறுக்கும் நாளில் மட்டும் குறைவு என்றால் என்ன என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1846இல் நெப்டியூன் கோள் கண்டுபிடிக்கப்பட்டதும் இப்படித்தான். யுரேனஸ் கணக்கிட்ட இடத்தில் நிற்காமல் சற்று விலகியே நின்றது. அந்த விலகலை யாரும் தூக்கிப் போடவில்லை.

இதுவரை தங்கைக்குப் புரிந்துவிட்டது. “நம்ம ஆளுங்க சம்பந்தமா ஒரு உதாரணம் சொல்லுங்க, பிரசண்டேஷன்ல போடணும்” என்றாள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மக்கள்தொகைக் கணக்கு.

1931 கணக்கெடுப்பில் சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் இந்தியர்கள் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள். போரினால் 1941இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1947இல் எண்ணியபோது ஏறக்குறைய 6 லட்சம்தான். பதினாறு ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கும்! கூட வேண்டிய தொகை குறைந்து நிற்கிறது. ஆனால் அந்தப் பள்ளத்தை முழுக்க மரணம் என்று எழுதிவிட முடியாது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித்தொகையில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. போர் முடிந்ததும் கப்பல் ஏறியவர்களும் உண்டு. எச்சம் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். அது என்ன என்று நாம்தான் தேட வேண்டும்.

தேடினால் சயாம் மரண ரயில் வருகிறது. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். சிலர் பிள்ளைகுட்டிகளோடு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் இருந்தார்கள்.

போருக்குப் பின் தொகுக்கப்பட்ட கணக்கு ஒன்றை ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்தாள்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 78,204. இறந்ததாகப் பதிவானவர்கள் 29,634. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 6,456. கடைசியில் எஞ்சியிருந்தவர்கள் 17,488. ஓடிப்போனவர்கள் 24,626.

தங்கை கைத்தொலைபேசியில் கூட்டிப் பார்த்தாள். “அண்ணா, சரியா 78,204 வருது. எச்சமே இல்ல!”

எனக்கு உறுத்துவது அதுதான். காலரா பரவிய காட்டில், கூடாரம் கூடாரமாக ஆட்கள் செத்து விழுந்த இடத்தில், ஒரு தலை கூடக் குறையாமல் கணக்கு எப்படி நேராகும்? இதே ரயில் பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள்; 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்து வைத்தாவது பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். அதனால்தான் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேரின் நினைவுக் கற்கள் வரிசையாக நிற்கின்றன, பெரும்பாலும் பெயரோடும் வயதோடும். நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் எழுதி வைக்க யாரும் இல்லை. காலைப் பெரட்டில் ஆளைக் காணோம் என்றால், செத்தானா ஓடினானா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? வேறு எந்த வரியிலும் சேராதவர்களை ‘ஓடிப்போனவர்கள்’ என்ற வரி வாங்கிக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன். அங்கேதான் எச்சம் ஒளிந்திருக்கிறது. ஓடியவர்களில் பலர் காட்டிலேயே இறந்திருப்பார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்களும் கருதுகிறார்கள்.

எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்வதும் தவறுதான். சிலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். சிலர் தாய்லாந்திலேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். அவர்களை இறந்தவர்களோடு சேர்த்தாலும் கணக்கு மறுபடி பொய்யாகிவிடும்.

“அப்ப ஸ்லைடுல 24,626க்கு நேரா என்ன எழுதறது?” என்று கேட்டாள். ஓடிப்போனவர்கள் என்று எழுத அவளுக்கும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே தட்டச்சு செய்தாள்: எச்சம்.