ஆஸ்பத்திரி விட்டு வந்த பிறகு

தலையில் அடிபட்டவரின் உயிரைக் காப்பாற்றுவதில் தமிழ்நாடு நிறையவே தேறியிருக்கிறது. 108 வண்டி வருகிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்பதில்லை. மத்திய அரசும் 2025 மே மாதம் முதல், சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள், கையில் காசு வாங்காமல் சிகிச்சை தரும் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ரத்தக்கட்டை எடுக்கிறார்கள், ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றுகிறார்கள், தையல் பிரித்து அனுப்புகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலும் அடுத்து வர வேண்டிய தேதியும் இருக்கும். அந்த மனிதர் இனி எப்படிப் பிழைக்கப்போகிறார் என்பதற்கு அதில் இடம் கிடையாது.

பைக்கில் போன இளைஞர்களை மட்டும் வைத்து இதை யோசிக்கக் கூடாது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், குளியலறையில் வழுக்கிய தாத்தா, மொட்டை மாடியிலிருந்து விழுந்த குழந்தை, புருஷன் சுவரில் பிடித்து மோதியதில் தலை கலங்கிய பெண் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். கடைசியில் சொன்ன பெண்ணுக்குப் பெரும்பாலும் ஸ்கேன்கூட எடுத்திருக்க மாட்டார்கள். “அடிக்கடி மறந்துபோறா, எதுலயும் பிடிப்பில்ல” என்று அதே புருஷன்தான் புகார் சொல்லிக்கொண்டிருப்பார்.

கை கால் விளங்காமல் போனால் வீட்டுக்குப் புரிகிறது. புரியாதது வேறு. “நல்லா நடக்குறான், சாப்பிடுறான், ஆனா ஆளே மாறிட்டான்” என்று அம்மாக்கள் சொல்வார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் ஒரு காரியத்தைத் தொடங்கவும், கோபத்தை அடக்கவும், எதை முன்னால் செய்வது எதைப் பின்னால் செய்வது என்று வரிசைப்படுத்தவும் உதவுகிறது. சாலை விபத்துகளில் அடிக்கடி அடிபடும் பகுதியும் அதுதான். அது பழுதானால் குளிக்கச் சொன்னால் ‘சரி’ என்பார், ஒரு மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். சோம்பேறித்தனம் என்று வீடு முடிவு கட்டும். மாமனார் முன்னால் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவார். திமிர் என்பார்கள். பழைய கதை பத்து வருஷத்துக்கு முந்தியது வரை ஞாபகம் இருக்கும், காலையில் சாப்பிட்டது இருக்காது. நடிக்கிறான் என்பார்கள். மதியத்துக்கு மேல் களைத்துச் சுருண்டுவிடுவார். தள்ளாடி நடந்தால் தெருவே குடித்திருக்கிறான் என்று பேசும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: தனக்கு ஏதோ குறை வந்திருக்கிறது என்பதை உணரும் திறனே சிலருக்குப் போய்விடும். “எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று வண்டிச் சாவியைத் தேடுபவரிடம் வாதாடிப் பயனில்லை.

அப்படி வாதாடி ஓய்ந்த குடும்பங்கள்தான் செய்வினை, பேய் என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் கிளம்புகின்றன. வேண்டுதலில் தவறில்லை. கட்டிப்போடுவதுதான் தவறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ள எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. வீட்டுத் தூணும் இந்தத் தடைக்குள் அடக்கம்தான்.

சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணி இந்த இடத்தில்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் அல்மா-ஆட்டா மாநாட்டுக்குப் (1978) பிறகு முன்வைத்த யோசனை இது: நோயாளியைத் தொலைதூர மையத்துக்கு இழுக்காமல், மறுவாழ்வை அவர் வாழும் தெருவுக்குக் கொண்டுபோவது. தமிழ்நாட்டில் அதற்கு வேர் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தை 1966இல் உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் முதுகுத்தண்டு அடிபட்டவர்தான். அந்த அமைப்பு கிராமங்களுக்கே பணியாளர்களை அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிகள் துறையின் ‘விழுதுகள்’ சேவை மையங்களும் வந்துவிட்டன. ஆனால் இவற்றில் பலவற்றின் கண் கை காலிலேயே நிற்கிறது என்பது என் கருத்து. காலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும் பணியாளர், ‘இன்றைக்கு என்ன கிழமை?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேறொரு பழுது கண்ணில் பட்டிருக்கும்.

அந்தப் பழுதுக்கான வேலையில் பாதி கருவியில்லாத வேலை. சுவரில் பெரிய எழுத்தில் அன்றாட வரிசை: பல் தேய், மாத்திரை, குளி, டிபன். போனில் அலாரம். ஒரு நேரத்தில் ஒரே சொல், ஒரே வேலை. “குளிச்சிட்டு வேஷ்டி மாத்திக்கிட்டு கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வா” என்பது அவருக்கு நான்கு வேலை, முதலாவதிலேயே நின்றுவிடுவார். டி.வி.யும் விருந்தாளிகளும் ஒரே நேரத்தில் இரைந்தால் கோபம் வரும். அப்போது அவரைத் திருத்தப் பார்க்காமல் அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போவதே வைத்தியம். கடைக்குப் போகப் பழக்க வேண்டுமென்றால் முதல் சில நாள் பணியாளரும் கூடவே போக வேண்டும். டீக்கடைக்காரரிடமும் மளிகைக்கடை அண்ணாச்சியிடமும் “இவருக்குத் தலையில் அடிபட்டிருக்கு, மெதுவாப் பேசுங்க, கடன் கேட்டால் கொடுக்காதீங்க” என்று சொல்லி வைக்க வேண்டும். பணத்தை யாரிடம் கொடுத்தோம் என்று மறப்பவரைச் சுரண்ட ஆள் உடனே வந்துவிடுவார்கள். எதிலும் கையெழுத்து வாங்க வருகிறவர்களிடம் கூடுதல் கவனம் தேவை.

மருத்துவ ஆபத்துகளையும் பணியாளர் கண்ணில் வைத்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நாளுக்கு நாள் ஏறும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல ஒழுகுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வயதானவருக்குச் சின்ன அடிக்குப் பிறகு பல வாரம் கழித்துக்கூட மெதுவாக ரத்தம் கட்டலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு இது அதிகம். மண்டையோட்டு எலும்பை எடுத்து வைத்திருந்தால், திரும்பப் பொருத்தும் வரை அந்தப் பக்கத்தில் மூளைக்குத் தோல்தான் காவல். நடமாடும்போது தலைக்கவசம் போட வேண்டும். மது கூடவே கூடாது. வண்டி ஓட்டுவது டாக்டர் அனுமதித்த பிறகுதான்.

இனி உரிமைகளுக்கு வருகிறேன். இதில்தான் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ‘மூளைக் காயம்’ என்ற பெயரில் அதில் ஒரு வகை இல்லை. அதனால் சான்றிதழ் முகாமுக்குப் போனால் எலும்பு மருத்துவர் கை காலைப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. வழி இல்லாமல் இல்லை. கை கால் பலவீனம் இயக்கக் குறைபாட்டில் வரும். பேச்சு போயிருந்தால் பேச்சு–மொழிக் குறைபாடு. ஞாபகமும் நடத்தையும் கெட்டிருந்தால், சிந்தனை, மனநிலை, நினைவு ஆகியவற்றின் கடும் கோளாறையும் உள்ளடக்கிய மனநோய் வரையறையில் இடம் கேட்கலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் பல்வகைக் குறைபாடு. நரம்பியல், மனநல மருத்துவர்களிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் செய்யும் ஞாபக, கவனச் சோதனையின் அறிக்கை பெரிய பலம். ‘மனநோய்’ என்று எழுதினால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும் என்று சான்றிதழையே வேண்டாமென்பவர்கள் உண்டு. அந்தப் பயம் புரிகிறது. ஆனாலும் 40 சதவீதச் சான்று இல்லாமல் உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கிட்டாது. கொடுத்த சதவீதம் சரியில்லை என்றால் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் குழந்தை விஷயத்தில் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும்: இரண்டாம் வகுப்பில் சமாளித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் பாடம் கனக்கும்போதுதான் தடுமாறும். பழைய அடியை அன்று யாரும் நினைப்பதில்லை, சான்றுக்குக் காட்ட வேண்டிய ஸ்கேன் தாளும் காணாமல் போயிருக்கும்.

அரசு வேலையில் இருந்தவருக்கு அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு பலமான கவசம். பணிக்காலத்தில் குறைபாடு வந்துவிட்டது என்பதற்காக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். ‘விருப்ப ஓய்வு எழுதிக்கொடுங்கள்’ என்று அலுவலகம் நெருக்கினால் கையெழுத்திடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். தனியார் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, ஆனால் ஈ.எஸ்.ஐ. இருந்தால், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் வேலைக் காயப் பலன் கேட்க இடம் உண்டு.

நினைவு திரும்பாதவர் பெயரில் பணமும் சொத்தும் இருக்கும், மனைவியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறிப்பிட்ட முடிவுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துணை நிற்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. கோமாவில் இருப்பவர்களின் குடும்பங்கள் ரிட் மனு மூலம் உயர் நீதிமன்றத்தை நாடிக் காப்பாளர் உரிமை பெற்றிருக்கின்றன. ஓரளவு தேறி, தானே முடிவெடுக்கக்கூடியவரின் வாயை மூட இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் தம்பி பாகத் தகராறில் அது நடக்கும்.

இழப்பீட்டில் முதல் எதிரி அவசரச் சமரசம். ஆனால் தாள்களுக்கும் மனுவுக்கும் தாமதம் கூடாது. எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று மூன்றையும் முதல் வாரத்திலேயே வாங்கி வையுங்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, வாகன விபத்து மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடு நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது. அதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். யார் தப்பு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் கிடைக்கும். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் பெரிய மனு காலாவதியாகிவிடும். மூளைக் காயத்தின் முழு உருவம் தெரிய ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகும். வார்டிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, மூன்று மாதத்தில் சமரசம் பேசும் ஆட்களுக்கு அது பொருட்டல்ல. மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள்.

வழக்கில் எதை நிரூபிப்பது? மருத்துவர் எழுதும் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல, அவர் என்ன தொழில் செய்தார் என்று பார்க்க வேண்டும் என 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஓர் எலக்ட்ரீஷியன் கம்பத்தில் ஏற முடிகிறவர்தான். எந்த லைனை ஆஃப் செய்தோம் என்பது நினைவில் நிற்காவிட்டால் அவர் தொழில் முழுதாகப் போய்விட்டது. இதை ஸ்கேன் சொல்லாது, வீடுதான் சொல்ல முடியும். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு எழுதச் சொல்கிறேன்: அடுப்பை அணைக்க மறந்தது, வழி தெரியாமல் நின்றது, பிள்ளையை அடிக்கக் கை ஓங்கியது, வலிப்பு வந்த நேரம். எழுதத் தெரியாத வீட்டில் வருகைப் பணியாளர் எழுதலாம், படிக்கும் பிள்ளை எழுதலாம். டாக்டருக்கு மருந்தை மாற்ற, சைக்காலஜிஸ்ட்டுக்குச் சோதனையைத் தீர்மானிக்க, தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல, மூன்றுக்கும் அதே நோட்டு.

பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பையும் அதில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை முறை புரட்டிப் படுக்க வைத்தார், எந்த வேலையை விட்டார். 2007இல் பன்னிரண்டு வயதில் மூளை சேதமடைந்த ஒரு சிறுமியின் வழக்கில் 2020இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவளுக்குக் காலமெல்லாம் இரண்டு உதவியாளர்கள் தேவை என்று மாதம் பத்தாயிரம் ரூபாய் வைத்துப் பெருக்கி, அந்தத் தலைப்பில் மட்டும் 21,60,000 ரூபாய் கொடுத்தது, மொத்தம் 62,27,000. ‘மனைவிதானே பார்க்கிறார், ஆள் வைக்கவில்லையே’ என்று காப்பீட்டு நிறுவனத் தரப்பு கேட்கும். சொந்தக்காரர் செய்கிறார் என்பதாலேயே அந்த வேலைக்குக் கூலி இல்லையென்று ஆகாது என்று வாதாட, அவர் செய்த வேலை மணிக்கணக்கோடு அந்த நோட்டில் இருக்க வேண்டும்.