ஆடிப்பெருக்கும் ஜூன் 12-ம்



நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். ஒரே தாளில் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் இருக்கும். இன்றைய ஆங்கிலத் தேதி, 1582-ல் திருத்தந்தை 13-ம் கிரகோரி செய்த திருத்தத்தால் வந்தது. ஆனால் காவிரிக்கரை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்ததும் அறுத்ததும் தமிழ் மாதத்தைப் பார்த்துத்தான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். ஜூன் மாதம் குடகு மலையில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, ஆடியில் புதுவெள்ளமாகத் திருச்சிக்கு வந்து சேரும். அதை வரவேற்கவே ஆடி 18 அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் பெண்கள் கூடுகிறார்கள். மஞ்சள் கயிறு மாற்றி, சித்திரான்னம் பகிர்ந்து உண்கிறார்கள். ஆற்றைப் பார்த்துக் குறிக்கப்பட்ட நாள் அது.

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன்பின் டெல்டா உழவர்களுக்கு இன்னொரு நாளும் முக்கியமாயிற்று. குறுவைச் சாகுபடிக்கு அணை திறக்க வேண்டிய ஜூன் 12-தான் அது. நாற்று விடுவதும் கடன் வாங்குவதும் அந்த ஆங்கிலத் தேதியை நம்பியே நடக்கலாயின.

அதுவும் நிலைக்கவில்லை. 2017-ல் அணை திறந்தது அக்டோபர் 2-ல்தான். அவ்வாண்டு ஆடி 18 வந்தது. பாசனத்துக்குத் தண்ணீர் வரவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டிலோ, வந்த வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2022-ல் மே 24-லேயே அணை திறந்தது. 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. தாளில் தேதி மாறவில்லை. ஆறுதான் தேதிக்கு வர முடியாமல் தவிக்கிறது. மழையின் போக்கும், மாநிலங்களுக்கிடையிலான நீர்ப் பங்கீட்டுச் சிக்கலும் உழவரின் காலண்டரைக் கலைத்துப் போடுகின்றன.

திருச்சபையும் மண்ணோடு ஒட்டியே நாள் குறித்தது. ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தைய 3 நாள்கள் வயல்வெளியில் பவனி சென்று விளைச்சலுக்காக மன்றாடும் வழக்கம் இருந்தது. 1969-ல் வழிபாட்டு நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது, இத்தகைய மன்றாட்டு நாள்களை முடிவு செய்யும் பொறுப்பு அந்தந்த ஆயர் பேரவைகளுக்கு விடப்பட்டது. நாட்டுக்கு நாடு பருவமும் அறுவடையும் வேறல்லவா? நம் ஆலயங்களில் தை முதல் நாளில் பொங்கல் திருப்பலி நிறைவேற்றுவதும் இந்த உணர்வில்தான்.

இந்த ஆண்டு எப்போது விதைத்தீர்கள் என்று உங்கள் பங்கிலுள்ள உழவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஜூன் 12 அன்று குடும்பச் செபத்தில் அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் தட்டில் விழும் சோறு, அந்தத் தேதியைப் பொறுத்தது.