பிரெக்னன்சி கிட்டில் தெரியும் சிவப்புக் கோடு தங்கமா? உப்பிடம் இருந்து அதைக் காப்பது எது?

கர்ப்பத்தை உறுதி செய்யும் கிட், கொரோனா ரேபிட் டெஸ்ட் கிட்... இவற்றில் பலவற்றில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு சாயம் அல்ல. நிஜத் தங்கம்! கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள்கள் கூடும்போதுதான் அந்த நிறம் தெரிகிறது. ஆனால் இந்தத் துகள்களுக்கு ஒரு பரம எதிரி உண்டு. அது சாதாரண உப்பு. சிறுநீரிலோ உப்புக்குப் பஞ்சமே இல்லை. பிறகு எப்படி கிட் வேலை செய்கிறது?

உப்பு பட்டால் என்ன ஆகும்?

தங்கத் துகள்கள் தண்ணீரில் மிதக்கும் திரவத்தை தங்கக் கூழ்மம் என்பார்கள். நிறம் அடர் சிவப்பு. எல்லாத் துகள்களிலும் எதிர் மின்சுமை இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிவிடும். அதனால்தான் அடியில் படியாமல் மிதக்கின்றன.

உப்பைச் சேர்த்தால் அதிலுள்ள சோடியம் அயனிகள் துகள்களைச் சூழ்ந்து, தள்ளும் விசையை மழுங்கடித்துவிடும். துகள்கள் மோதி ஒட்டிக்கொள்ளும். சிவப்பு நீலமாகும், பிறகு அடியில் தங்கிவிடும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே இந்த நிறமாற்றத்தை 1857-லேயே பதிவு செய்துவிட்டார்.

கவசம் போடும் புரதம்

தீர்வு ரொம்ப சிம்பிள். உப்புக்கு முன்பே கொஞ்சம் ஜெலட்டின் சேர்த்தால் போதும், நிறம் மாறாது. ஜெலட்டினின் நீண்ட மூலக்கூறுகள் ஒவ்வொரு துகள் மீதும் போர்வை போலப் படியும். இந்தப் போர்வை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு துகள்கள் நெருங்கினாலும் தங்கமும் தங்கமும் தொட்டுக்கொள்ள முடியாது. இப்படிக் காப்பாற்றும் பொருளுக்குத்தான் பாதுகாப்புக் கூழ்மம் என்று பெயர்.

ஆனால் அளவு முக்கியம். மிகக் குறைவாகச் சேர்த்தால், ஒரே மூலக்கூறு இரண்டு துகள்களைப் பாலம் போல இணைத்து, சேர்க்காமல் இருந்ததை விட சீக்கிரமாகவே திரள வைத்துவிடலாம்!

தங்க எண் என்றால் என்ன?

எது நல்ல கவசம் என்று அளக்க, 1901-ல் ரிச்சர்டு சிக்மாண்டி ஒரு வழி சொன்னார். 10 மில்லி தங்கக் கூழ்மத்தில் 1 மில்லி 10 சதவீத உப்புக் கரைசலைச் சேர்க்கும்போது, நிறம் மாறாமல் தடுக்க எத்தனை மில்லிகிராம் கவசப் பொருள் தேவை? அதுதான் தங்க எண். எண் குறைவாக இருந்தால் பாதுகாப்பு அதிகம்.

* ஜெலட்டின்: 0.005 - 0.01
* அரபுப் பிசின்: 0.15 - 0.25
* உருளைக்கிழங்கு ஸ்டார்ச்: சுமார் 25

கூழ்மங்கள் குறித்த ஆய்வுகளுக்காக சிக்மாண்டிக்கு 1925-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கிட்டுக்கு வருவோம்

கிட்டில் உள்ள தங்கத் துகள்கள் மீது ஆன்டிபாடி என்ற புரதம் பூசப்படுகிறது. கர்ப்பகால ஹார்மோனைப் பிடிப்பதும் அதுதான், துகளுக்குக் கவசமும் அதுதான். மிச்சமுள்ள வெற்றிடங்களை மூட பெரும்பாலும் ஆல்புமின் புரதம் சேர்க்கிறார்கள். எவ்வளவு புரதம் போதும் என்று கண்டுபிடிக்க, இன்றும் ஆய்வகங்களில் உப்பு ஊற்றி நிறம் பார்க்கும் அதே சோதனைதான்!

புரதத்துக்கு வெயில் ஆகாது. அதனால் கிட்டை வண்டி டேஷ்போர்டிலோ அடுப்பு பக்கத்திலோ வைக்கக் கூடாது. அட்டையில் போட்டிருக்கும் வெப்பநிலையையும் காலாவதி தேதியையும் பார்ப்பது அவசியம். 'C' என்ற இடத்தில் கோடே வரவில்லையா? முடிவை நம்ப வேண்டாம், புதிய கிட்டில் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.