பேனாவை எவ்வளவு அழுத்த வேண்டும்?

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் விசாரித்தாலும் சரி, இணையக் கடையில் தேடினாலும் சரி, வரையும் டேப்லெட் என்றதும் பெருமையாகக் காட்டப்படும் எண் 8192. பேனாவின் அழுத்தத்தைக் கருவி எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்பதன் கணக்கு அது. சில ஆயிரம் ரூபாய் டேப்லெட்டிலும் இன்று அது உண்டு. கைநடுக்கம், மூட்டுவாதம், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த நிலை என்று உடலில் ஏதேனும் சிரமத்தோடு டிஜிட்டல் ஓவியத்துக்கு வருகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. அவர் கேட்க வேண்டியவை வேறு. கோடு விழ எவ்வளவு அழுத்த வேண்டும்? கை எவ்வளவு தூரம் நகர வேண்டும்? கழுத்து எப்படி இருக்கும்?

தூரத்திலிருந்தே தொடங்கலாம், குழப்பம் அதிகம் அங்கேதான். திரையில்லாத டேப்லெட்டின் நான்கு மூலைகளும் மானிட்டரின் நான்கு மூலைகளுக்குச் சமம். வாக்கம் நிறுவனத்தின் சிறிய இன்டுயோஸில் வரையும் பரப்பின் அகலம் சுமார் 15 செ.மீ. 24 அங்குல மானிட்டரின் அகலம் 53 செ.மீ. ஆக, கை 1 மி.மீ. நகர்ந்தால் திரையில் மூன்றரை மி.மீ. தோளைத் தூக்க முடியாதவருக்கும் தசை பலவீனம் உள்ளவருக்கும் இது நல்லது. மணிக்கட்டை அசைத்தே திரை முழுவதும் போய்வரலாம். ஆனால் கை நடுங்குபவருக்கு அதே டேப்லெட் நடுக்கத்தையும் மூன்றரை மடங்காக்கும். அவருக்குச் சுமார் 22 செ.மீ. அகலமுள்ள நடுத்தர அளவே மேல். “சின்னதா வாங்குங்க, கைக்கு அடக்கமா இருக்கும்” என்ற கடைக்காரரின் யோசனையை அவர் கேட்கக் கூடாது. ஏற்கெனவே சிறியதை வாங்கிவிட்டவர் படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வரையலாம். படத்தில் பதியும் நடுக்கம் பாதியாகிவிடும்.

அடுத்து அழுத்தம். விரல் மூட்டு வலிப்பவர் பேனாவை அமுக்கி அமுக்கி வரையத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளின் டேப்லெட் அமைப்புகளில் ஒரு வரைபடம் இருக்கும்: கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஒரு நேர்கோடு. அதன் நடுவைப் பிடித்து மேலே இழுத்து வளைத்துவிட்டால், லேசாகத் தொட்டாலே தூரிகை தடிமனாகத் தீட்டும். வாக்கம் டிரைவரிலும் முனையை மென்மையாக்கும் வசதி இருக்கிறது. பேனா மெலிதாக இருந்து பிடி வலித்தால் ஸ்பாஞ்சு உறை மாட்டித் தடிமனாக்குங்கள்.

நடுக்கத்துக்கு மென்பொருளிலும் மருந்து உண்டு. கிரிட்டாவின் ஸ்டெபிலைசரை இயக்கினால் பேனா முன்னே போக, கயிற்றில் கட்டிய கன்றுபோலக் கோடு சற்றுத் தாமதித்துப் பின்னால் வரும். நீண்ட வளைவுகளுக்கு அருமை. நிழல் தீட்டும் சின்னச் சின்னக் கீறல்களுக்கு இதே தாமதம் எரிச்சலூட்டும்; அப்போது அணைத்துவிட வேண்டும். ஐபேடில் மட்டும் இயங்கும் ஓவியச் செயலியான ப்ரோக்ரியேட் 2021-இல் 5.2 பதிப்பில் வேறு வழியில் போனது: அசைவுகளைச் சராசரியாக்காமல், கோட்டிலிருந்து விலகும் துடிப்புகளையே நீக்கிவிடும் வடிகட்டி. நடுக்கம் கடுமையாக இருந்து, ஐபேடும் கைவசம் இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். இதற்கென்றே ஐபேட் வாங்கச் சொல்லமாட்டேன். சீக்கிரம் களைத்துப்போகிறவருக்குக் கிளிப் ஸ்டுடியோ என்ற ஓவிய மென்பொருளின் வெக்டர் அடுக்கு உதவும். ஒரே மூச்சில் சரியாக இழுக்க வேண்டியதில்லை. இழுத்த கோட்டை நாளைக்குக்கூடப் புள்ளி புள்ளியாக நகர்த்தித் திருத்தலாம்.

ஒரு கையால் வரைபவருக்கு இடைஞ்சல் கீபோர்டுதான். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்து என்றால் எப்படி? விண்டோஸில் ஷிப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கலாம்; விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும். பேனாவின் பக்கப் பொத்தான்களில் ஒன்றுக்குச் செயல்தவிர்ப்பையும் (அண்டூ) மற்றொன்றுக்கு வலது கிளிக்கையும் கொடுங்கள். கிரிட்டாவில் வலது கிளிக் செய்தால் தூரிகைகளும் வண்ண வட்டமும் பேனா முனைக்கே வந்துவிடும். கீபோர்டு பக்கம் போகும் வேலை வெகுவாகக் குறையும்.

பார்வைக் குறைபாடு தனிக் கட்டுரைக்குரியது. நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவருக்கு, தேர்ந்தெடுத்த நிறத்தின் பெயரைச் சொல்லும் வசதி ப்ரோக்ரியேட்டில் உண்டு என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

திரையுள்ள டேப்லெட்மீது எல்லோருக்கும் ஆசை. ஆனால் பெரும்பாலும் அதன்மேல் குனிந்தே வரைய வேண்டியிருக்கும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவருக்கு அது தண்டனை. திரையில்லாததில் பார்வை நேரே மானிட்டரில் இருக்கும். வாயால் பேனா பிடிப்பவருக்கு எடையும் முக்கியம்: பேட்டரி இல்லாத பேனாவும், முகத்துக்கு எதிரே நிமிர்த்தி நிறுத்தும் தாங்கியும் வேண்டும்.

கிரிட்டாவுக்குக் காசில்லை, கிளிப் ஸ்டுடியோவுக்குச் சோதனைக் காலம் உண்டு. எனவே டேப்லெட் வாங்குவதற்கு முன்பே மவுஸை வைத்து மெனுக்கள் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்த்துவிடலாம். டேப்லெட்டை இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் தொடர்ந்து அரைமணி நேரமாவது வரைந்து பாருங்கள். அட்டைப்பெட்டியை மறுநாள் காலை கை எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு தூக்கிப் போடலாம்.