மலைச்சரிவில் ஒரு விமானத் தளம்

கட்டுநாயக்காவில் ஆகாய விமானம் இறங்குவதை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். கரையோரச் சமவெளி, மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஓடுபாதை. சற்றுத் தள்ளி நிலந்தொட்டாலும் ஓடி நிற்க இடமுண்டு. மலைமீது விமானத்தை இறக்குவதோ முற்றிலும் வேறான காரியமாகும்.

நேபாளத்து லுக்லா என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். எவரெஸ்ட் சிகரத்தை நாடிச் செல்வோரிற் பெரும்பாலோர் இங்குதான் வந்திறங்குகின்றனர். 1953-இல் டென்சிங்குடன் அச்சிகரத்தை எட்டிய சேர் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1964-இல் அமைந்த தளம் இது. இன்று அவ்விருவர் பெயரையுமே தாங்கி நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் ஏறக்குறைய 2,850 மீற்றர். ஓடுபாதையின் நீளமோ 527 மீற்றரே. அதுவும் சமதரையன்று, ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய 12 மீற்றர் உயர்ந்து செல்கிறது.

இச்சரிவு உண்மையில் ஓர் உதவியே. மேட்டை நோக்கி இறங்கும் விமானத்தின் வேகம் விரைவில் தணியும். பள்ளத்தை நோக்கிப் புறப்படும் விமானம் விரைவில் வேகம் பெறும். ஆயினும், அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலால் விமானம் கூடிய வேகத்துடனேயே வந்திறங்க வேண்டும். பாதையின் முடிவிலோ மலை சுவராக நிற்கிறது. தளத்தை நெருங்கியபின் மீண்டும் மேலெழ வழியில்லை. இறங்குவதா, திரும்புவதா என்பதை விமானி தூரத்திலேயே தீர்மானித்தாக வேண்டும்.

தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள மங்களூரின் நிலை வேறு. குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைத்த அங்குள்ள ஓடுபாதை 2,450 மீற்றர் நீளமானது. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு. 2010 மே 22-ஆந் திகதி துபாயிலிருந்து வந்த விமானம், இருக்கவேண்டிய உயரத்துக்கு மிஞ்சிய உயரத்திலே தளத்தை நெருங்கியது. மேலெழுந்து சுற்றி வரும்படி துணை விமானி ஒருமுறைக்கு மேல் எச்சரித்தார். தலைமை விமானி கேளாது இறக்கினார். பாதையிற் பாதிக்கு மேல் கடந்த பின்னரே சக்கரங்கள் நிலந்தொட்டன. விமானம் பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர்; எண்மரே உயிர் தப்பினர்.

லுக்லாவில் இல்லாத வழி மங்களூரில் இருந்தது. அதனைப் பயன்படுத்தாமையே பெருந்துயருக்குக் காரணமாயிற்று.

இறங்க வந்த விமானம் மீண்டும் மேலெழுவது விமானிக்கு இழுக்கன்று. நாம் பயணஞ் செய்யும் விமானம் என்றேனும் அவ்வாறு எழுமாயின், அஞ்சவும் வேண்டாம், சலித்துக்கொள்ளவும் வேண்டாம். சில நிமிடங்கள் தாமதமாக வீடு சேர்வோம், அவ்வளவே!